குதிரை நடந்த பாதையில் சைக்கிள் – தெற்கு பிரான்சின் 1681-ம் வருடத்துக் கால்வாய்

போன வருடம் புனேவில் எங்கள் அபார்ட்மெண்ட் கேட் வாசலில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. என் மகளுக்கு 11 வயது. புது சைக்கிளை எடுத்துக் கொண்டு கேட்டைத் தாண்டப் பார்த்தாள், நான் தடுத்தேன். "உங்க வயசுல நீங்க எங்க எல்லாம் போனீங்க அப்பா?" என்று ஒரே கேள்வி. என்ன சொல்ல? மணிக்கு ஐம்பது பைசா வாடகைக்கு சைக்கிள் எடுத்து, குரங்கு பெடல் போட்டு, வாய்க்கால் கரை ஓரமாகவே பக்கத்து ஊர் வரை போய் வந்தவன் நான். அதைச் சொன்னால் கேட் திறந்து விடும். எனவே "அதெல்லாம் அந்தக் காலம்" என்று மழுப்பி விட்டேன். (அப்பாக்களுக்கு இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது!)

அந்தக் கேள்விக்கு சரியான பதில் சில மாதம் கழித்து, நம்ம ஊரிலிருந்து ரொம்ப தூரத்தில் கிடைத்தது. ஆபீஸ் வேலையாக தெற்கு பிரான்சில் இருக்கும் தூலூஸ் நகரத்துக்கு என்னை அனுப்பினார்கள். பள்ளி விடுமுறைக்கு குடும்பமும் வந்து சேர்ந்தது. மூன்று சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். ஒரு கால்வாய்க் கரையில் ஏறினோம். அதற்குப் பிறகு இரண்டு நாள், கார், லாரி, ஆட்டோ, பைக் எதுவும் எங்களுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடிக்கவில்லை. அந்தக் கால்வாயின் கதைதான் இது. பயணக் கதை கொஞ்சம், சரித்திரம் நிறைய. பொறுமை உள்ளவர்கள் தொடரவும்.

இரண்டு கடலுக்கு நடுவில் ஒரு மேடு

பிரான்சுக்கு மேற்கே அட்லாண்டிக், தெற்கே மத்திய தரைக்கடல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு சரக்குக் கப்பல் போக வேண்டுமானால் ஸ்பெயினையும் போர்ச்சுக்கலையும் சுற்றி, ஜிப்ரால்டர் வழியாகப் போக வேண்டும். புயல், கடற்கொள்ளையர், பகை நாடான ஸ்பெயின் என்று எல்லாத் தொல்லையும் அந்த வழியில் உண்டு. மேற்கே தூலூஸ் வரை கரோன் நதி இருக்கிறது. அங்கிருந்து மத்திய தரைக்கடல் வரை ஒரு கால்வாய் வெட்டி விட்டால் சுற்று வழி மிச்சம். பல அரசர்கள் காலத்தில் பேசிப் பேசியே கைவிட்ட திட்டம் இது.

ஏன் கைவிட்டார்கள்? தண்ணீர்தான். தூலூசிலிருந்து கிழக்கே போகப் போக நிலம் ஏறி, நொரூஸ் என்ற இடத்தில் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 189 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து கடல் வரை இறக்கம். படகை மேலே ஏற்றி மறுபக்கம் இறக்க வேண்டும். அதற்கு 'எக்லூஸ்' என்று ஓர் அமைப்பு. இரண்டு மதகை எதிரெதிரே வைத்து நடுவில் ஒரு தொட்டி கட்டியது மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். படகு தொட்டிக்குள் வந்ததும் கீழ் மதகை மூடி, மேலிருந்து தண்ணீர் விட்டால் படகு மேலே வரும். பிறகு மேல் மதகைத் திறந்தால் படகு போய்க் கொண்டே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படகுக்கும் ஒரு தொட்டித் தண்ணீர் மேட்டிலிருந்து கீழே போய் விடும். மேட்டின் உச்சிக்கு, அதுவும் கோடையில், தண்ணீர் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விதான் எல்லோரையும் மடக்கியது.

உப்பு வரிக்காரர்

இதற்கு விடை சொன்னவர் இஞ்சினியர் இல்லை. பெஸியே ஊரில் பிறந்த பியர்-போல் ரிக்கே, லாங்டொக் பகுதியில் அரசனுக்காக உப்பு வரி வசூலித்த குத்தகைதாரர். உப்பு வரி என்றால் என்னவென்று இந்தியர்களான நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் ஜனங்களுக்கு அது பிடிக்காத வரிதான். பக்கத்து ரூசியோன் பகுதியில் உப்பு வரிக்கு எதிராக 1667-லிருந்து 1675 வரை கலகமே நடந்தது. ஆக, கால்வாய் வெட்டிய மகானுக்கு சந்தனக் குங்குமம் வைப்பதற்கு முன்னால், அவர் பணம் எந்த வழியில் வந்தது என்பதையும் நினைவில் வைத்துக் கொள்வோம்.

வரி வசூலுக்காக ஊர் ஊராக அலைந்ததில் அவருக்கு அந்தப் பக்கத்து மலையும் ஓடையும் அத்துப்படி. வடக்கே 'கருப்பு மலை' என்று அழைக்கப்படும் மோந்தாஞ் நுவார் இருக்கிறது. நல்ல மழை பெய்யும் மலை. அங்கே ஓடும் சிற்றோடைகளைப் பிடித்து, ஒரு வாய்க்காலில் திருப்பி, நொரூஸ் மேட்டுக்குக் கொண்டு வந்து விட்டால்? ரெவெல் என்ற ஊரில் ஊற்றுத் தண்ணீர் வேலை பார்த்த பியர் காம்மாஸ் என்பவர், எந்த ஓடை எந்தப் பக்கம் வளையும் என்று அவருக்கு வழி காட்டினார். 1662-ல் ரிக்கே, பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேருக்குக் கடிதம் எழுதினார். அரசு கமிஷன் போட்டது. சோதனைக்காக ஒரு சிறு வாய்க்காலை 1665-ல் வெட்டி, தண்ணீர் மேட்டுக்கு வரும் என்று நிரூபித்துக் காட்டினார் ரிக்கே. 1666 அக்டோபரில் அரச ஆணை வந்தது. அடுத்த வருடம் வேலை ஆரம்பம்.

இந்தக் கொல்பேர் நமக்கும் கொஞ்சம் தெரிந்தவர்தான். 1664-ல் பிரெஞ்சு கிழக்கிந்திய கம்பெனியை ஆரம்பித்தவர் இவரே. அந்தக் கம்பெனியின் ஆளான பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் புதுச்சேரியில் வந்து இறங்கியபோது, இங்கே தூலூஸ் பக்கத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக் கொண்டிருந்தது. ஒரே அமைச்சரின் மேஜையிலிருந்து கிளம்பிய இரண்டு காகிதம். ஒன்று கால்வாயாச்சு, இன்னொன்று பாண்டிச்சேரியாச்சு!

மழை நாளுக்கும் கூலி

எங்கள் முதல் நாள் பயணம் கர்தூஷ் வரை, நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாதை தார் போட்டது, சமதளம். இரண்டு பக்கமும் மரம். நடப்பவர்கள், ஓடுபவர்கள், தள்ளு வண்டியில் குழந்தையோடு வருபவர்கள், எங்களைப் போல சைக்கிள்காரர்கள். அவ்வளவுதான். இருபது வருடமாக சைக்கிளைத் தொடாத என் மனைவி, முதல் ஒரு மணி நேரம் "என்னங்க, மெதுவா போங்க" என்று வந்தவர், அதற்குப் பிறகு எங்களுக்கு முன்னால் போய் விட்டார். மகள் ஒரு இடத்தில் நிறுத்தி, "அப்பா, இங்க ஏன் சத்தமே இல்ல?" என்றாள். அந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் குத்தியது. சத்தம் இல்லாத ரோட்டை அவள் பார்த்ததே இல்லை.

வழியில் நெக்ரா என்று ஒரு மதகு. பக்கத்தில் பழைய சத்திரம், குதிரை லாயம், சின்ன தேவாலயம். தூலூசிலிருந்து கிளம்பிய தபால் படகு முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடம் அது. நாங்களும் அங்கேதான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். (புளிக்காய்ச்சல் புனேவிலிருந்து வந்தது. வெளிநாட்டில் அது இல்லாமல் ஒரு தமிழ்க் குடும்பம் சைக்கிளில் ஏறுமா?)

சாப்பிட்டுக் கொண்டே யோசித்தேன். யார் இதை வெட்டினார்கள்? வேலை உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 12,000 பேர் இதில் இருந்தார்கள். மண்வெட்டி, கூடை, கழுதை. இயந்திரம் எதுவும் கிடையாது. ரிக்கே இவர்களுக்கு நாள் கணக்கில் இல்லாமல் மாதச் சம்பளம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை, மழையால் வேலை நின்ற நாள், உடம்பு சரியில்லாத நாள், இவற்றுக்கும் சேர்த்து. 17-ம் நூற்றாண்டில் இது சாதாரண விஷயம் இல்லை. தர்மச் சிந்தனை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயலுக்கு ஓடாமல் இருக்க வேண்டுமே. ஆனாலும் மழை பெய்யும் நாளில் அடுப்பு எரிந்தது எரிந்ததுதான்.

அந்தக் கூட்டத்தில் பெண்களும் நிறைய. முதலில் மண் சுமக்கத்தான் வந்தார்கள். சந்திரா முகர்ஜி என்ற சமூகவியல் அறிஞர் 2009-ல் இந்தக் கால்வாய் பற்றி எழுதிய புத்தகத்தில் முக்கியமான ஒன்றைச் சொல்கிறார். பிரனே மலையிலிருந்து வந்த கிராமத்துப் பெண்களுக்கு, சரிவில் தண்ணீரை மெல்ல இறக்கி ஊருக்குக் கொண்டு வரும் வித்தை பரம்பரையாகத் தெரியும். மலை வாய்க்கால்களின் வேலையில் அந்த அறிவு சேர்ந்திருக்கிறது என்பது அவர் வாதம். பாரிசில் இருந்த பெரிய மனிதர்கள் வரைபடத்தில் பார்த்துத் தலையைச் சொறிந்த விஷயத்தை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா கையால் மண்ணைத் தொட்டுச் சொல்லியிருக்கலாம். சிலை ரிக்கேவுக்கு இருக்கிறது. அந்த அம்மாக்களின் பெயர் நமக்குத் தெரியாது.

மேட்டின் உச்சி

இரண்டாம் நாள் நொரூஸ். கருப்பு மலையில் விழுந்த மழை, சான் ஃபெரியோல் அணையில் தேங்கி, வாய்க்கால் வழியாக வந்து இங்கேதான் கால்வாயில் சேர்கிறது. சேர்ந்த தண்ணீரில் ஒரு பங்கு மேற்கே அட்லாண்டிக் பக்கம், இன்னொரு பங்கு கிழக்கே மத்திய தரைக்கடல் பக்கம். மகள் ஒரு இலையைப் போட்டு எந்தக் கடலுக்குப் போகும் என்று பார்த்தாள். அது எங்கேயும் போகாமல் ஒரு குச்சியில் மாட்டிக் கொண்டது, அது வேறு விஷயம்.

அந்த அணை 1667-ல் ஆரம்பித்து 1672-ல் முடிந்தது. நீளம் சுமார் 780 மீட்டர். கோடைக்கான தண்ணீரை மழைக்காலத்தில் சேர்த்து வைப்பது, பிறகு தேவைக்கு விடுவது. நம்ம ஏரிக்கரை புத்திதான், ஆனால் பாசனத்துக்காக இல்லாமல் படகுக்காக.

இங்கே ஒரு தவறிலிருந்து கற்ற பாடமும் உண்டு. முதலில் மதகுத் தொட்டிகளின் சுவரை நேராகக் கட்டினார்கள். ஒன்று மண் அழுத்தத்தில் சரிந்து விட்டது. அதற்குப் பிறகு சுவரை வெளிப்பக்கம் வளைத்து முட்டை வடிவத்தில் கட்ட ஆரம்பித்தார்கள். படுத்துக் கொண்ட வளைவு மாதிரி, மண் எவ்வளவு தள்ளினாலும் கல்லோடு கல் இறுகும். 340 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வடிவத்தை வழி நெடுக இன்றைக்கும் பார்க்கலாம்.

மாலை காஸ்டல்நோதாரி வந்து சேர்ந்தோம். ஊரின் பெருமை 'கஸூலே' என்ற சாப்பாடு. வெள்ளை பீன்ஸ் போட்ட குழம்பு என்று ஆசையாகக் கேட்டோம். உள்ளே வாத்தும் பன்றியும் இருக்கிறது என்று தெரிந்ததும் பின்வாங்கி, ரொட்டியும் சீஸும் வாங்கிக் கொண்டு ரூமுக்கு வந்தோம். சைவக்காரர்கள் கவனிக்கவும்.

ஒரு குன்று, மூன்று சுரங்கம்

காஸ்டல்நோதாரிக்கு அப்புறம் பல இடங்களில் கரைப்பாதை மண்ணும் கல்லும் மர வேருமாக இருக்கும் என்று சொன்னார்கள். குழந்தையோடு வேண்டாம் என்று சைக்கிளோடு ரயிலேறி பெஸியே போனோம். ரயில் பாதை சில இடங்களில் கால்வாயை ஒட்டிப் போகிறது. (இந்த ரயிலுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது, வருகிறேன்.)

பெஸியேவுக்குப் பக்கத்தில் மால்பாஸ் குன்று. 1679-ல் கால்வாய் இங்கே வந்து முட்டியது. மலையோ உதிரும் மணற்கல். குடைந்தால் இடிந்து விழும் என்று ரிக்கேவின் எதிரிகள் பேசினார்கள், கொல்பேரும் வேலையை நிறுத்தச் சொன்னார். ரிக்கே நிறுத்தவில்லை. சத்தம் போடாமல் குடைந்து, சுமார் 165 மீட்டருக்கு ஒரு துளை போட்டுக் காட்டி விட்டார். படகு போவதற்காகக் குடைந்த கால்வாய்ச் சுரங்கங்களில் இதுவே முதல் என்று சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால் இந்த ஒரே குன்றுக்குள் மூன்று சுரங்கம் இருக்கிறது. பக்கத்தில் மோந்தாதி என்று ஒரு சதுப்பு ஏரி. 13-ம் நூற்றாண்டில் அதை வற்ற வைத்து வயலாக்க, குன்றுக்கு அடியில் ஒரு வடிகால் குடைந்தார்கள். அதற்கு மேலே ரிக்கேவின் கால்வாய். 19-ம் நூற்றாண்டில் கால்வாய்க்குக் கீழே ரயில் சுரங்கம். குன்றின் மேலே ஏறினால் ஆன்செரூன் என்ற பழைய குடியிருப்பின் இடிபாடுகள், கி.மு. 6-ம் நூற்றாண்டு வரை போகிறது. அங்கிருந்து கீழே பார்த்தால் வற்றிய ஏரி வயல்கள் சூரியக் கதிர் மாதிரி நடுவிலிருந்து பிரிந்து தெரியும். சரித்திரப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கி வைத்த மாதிரி ஒரு இடம். கார் கண்ணாடி வழியாக இதைப் பார்க்க முடியாது. சைக்கிளை சாய்த்து வைத்து விட்டு நடந்துதான் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து திரும்பி வந்தால் ஃபோன்செரான். எட்டு மதகுத் தொட்டி படிக்கட்டு மாதிரி வரிசையாக. படகு 21 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ரிக்கே பிறந்த ஊருக்கு ரிக்கே கட்டிக் கொடுத்த படிக்கட்டு.

பார்க்காமலே போனவர்

கடலுக்கு இன்னும் சில கிலோமீட்டர் வேலைதான் பாக்கி. 1680 அக்டோபர் 1-ம் தேதி ரிக்கே இறந்து போனார். கையில் இருபது லட்சம் லிவ்ருக்கு மேல் கடன். அடுத்த வருடம் 1681 மே மாதம் கால்வாய் திறந்தது, 240 கிலோமீட்டர். மகன்கள் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். கால்வாய்ச் சுங்கம் குடும்பத்துக்கு என்று அரசன் எழுதிக் கொடுத்திருந்தான். ஆனால் கடனெல்லாம் தீர்ந்து லாபம் பார்க்க 1724 ஆகி விட்டது.

இவ்வளவும் செய்து, கடலிலிருந்து கடலுக்குக் கப்பல் போகும் கனவு நிறைவேறியதா என்றால், முழுசாக இல்லை. தூலூசுக்கு மேற்கே கரோன் நதியில் வெள்ளமும் மணல் திட்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு துணைக் கால்வாய் வெட்டி முடிக்க 1856 ஆனது. அடுத்த வருடமே, 1857-ல், போர்தோவிலிருந்து செத் வரை ரயில் வந்து விட்டது! 1858-ல் கால்வாயை நாற்பது வருடக் குத்தகைக்கு எடுத்தது யார் தெரியுமா? அதே ரயில் கம்பெனி. போட்டிக்காரன் கையிலேயே சாவி. கால்வாய் வியாபாரம் படுத்து விட்டது என்று சொல்லவும் வேண்டுமா? சரக்குப் படகு இழுத்துப் பிடித்து ஓடி, 1980-களின் கடைசியில் நின்று போனது.

குதிரை போனது, பாதை இருந்தது

இப்போது சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். படகுக்கு அந்தக் காலத்தில் மோட்டார் ஏது? கரையில் நடக்கும் குதிரைதான் கயிறு கட்டி இழுக்கும். அதற்காகப் போட்டதே இந்தக் கரைப்பாதை. ஆரம்பத்தில் தபால் படகு தூலூசிலிருந்து ஆக்த் துறை வரை போக நான்கு நாள். பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை குதிரை மாற்றி, 1855-ல் அதை 32 மணி நேரமாக்கினார்கள். அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் 1787-ல் இதில் போனபோது, தன் கோச்சு வண்டியைப் படகிலேயே ஏற்றிக் கொண்டு, மனது வந்தபோது இறங்கிக் கரையில் நடந்திருக்கிறார்.

குதிரை போயிற்று. தபால் போயிற்று. சரக்கும் போயிற்று. ஆனால் கரையை யாரும் பிளாட் போட்டு விற்கவில்லை. அது பொதுச் சொத்தாகவே இருந்தது. 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1997-ல் பிரான்சின் இன்னொரு மூலையில், பர்கண்டியில், ழிவ்ரியிலிருந்து க்ளுனி வரை கைவிடப்பட்ட ரயில் பாதையை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்தார்கள். 910-ல் ஆரம்பித்த புகழ் பெற்ற மடம் இருக்கும் ஊர் அந்த க்ளுனி. 2004-ல் சாலை விதிகளிலேயே 'பச்சைப் பாதை' என்று ஒரு வகை வந்தது. மோட்டார் வண்டிக்கு அதில் இடமில்லை. அதாவது புது ரோடு போட நிலம் தேடவில்லை. பழையதைத் தொலைக்காமல் வைத்திருந்தார்கள், அதில் பிள்ளைகள் போகிறார்கள்.

ஒரு துக்கமும் உண்டு. கரை நெடுக நிழல் தந்த பிளேன் மரங்கள் சுமார் 42,000. பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில் வைத்தவை. 2006-ல் ஒரு பூஞ்சை நோய் அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிப் பலகையில் ஐரோப்பாவுக்கு வந்த நோய் என்கிறார்கள். மருந்து கிடையாது. பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்து விட்டு, வேறு வேறு இன மரங்களாகக் கலந்து நட்டு வருகிறார்கள். ஓரிடத்தில் நிழல் திடீரென்று நின்று, இடுப்பளவு கன்றுகள் வரிசையாக நின்றன. நட்டவர்கள் அந்த நிழலில் உட்காரப் போவதில்லை. ரிக்கே மாதிரிதான்.

போக நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சின்னக் குழந்தைகளோடு என்றால் தூலூஸிலிருந்து கிழக்கே முதல் ஐம்பது கிலோமீட்டர் போதும், சுகமான பாதை. நடப்பவர்களுக்கு வழி விடுங்கள், மணி அடித்து விட்டு முந்துங்கள். களைத்தால் பக்கத்திலேயே ரயில். கால்வாயைக் கொன்ற அதே ரயில்தான் இப்போது சைக்கிள்காரர்களைக் கொண்டு வந்து இறக்குகிறது!

புனே திரும்பி விட்டோம். மகள் காம்பவுண்டுக்குள்ளேயே சுற்றுகிறாள். எங்கள் பக்கத்தில் புது டவர் எழும்புகிறது. வேலை செய்பவர்கள் எங்கெங்கோ இருந்து வந்தவர்கள், நம்மைப் போலவே, ஆனால் தகரக் கொட்டகையில். ஜூலையில் நான்கு நாள் விடாத மழை, வேலை நின்றது. பால்கனியில் நின்று பார்த்துக் கொண்டிருந்த மகள், "அப்பா, இவங்களுக்கு மழை நாளுக்கு காசு உண்டா?" என்று கேட்டாள்.

விசாரித்தேன். இல்லையாம்.